மலைப்பாதையில் வேன்கள்: பனி நிறுத்தும், சட்டம் தடுக்கும்

புது தில்லி:

தில்லியிலிருந்து மாலையில் புறப்படும் சுற்றுலா வேன், சுமார் 540 கிலோமீட்டர் கடந்து மறுநாள் காலை ஹிமாசலப் பிரதேசத்தின் மணாலியை அடைகிறது. அடல் சுரங்கப் பாதையைப் பார்த்துவிட வேண்டும், அதற்கு அப்பால் லாஹௌல் பள்ளத்தாக்கின் பனியை ஒருமுறை தொட்டுவிட வேண்டும் என்பதே உள்ளே இருப்போரின் ஆசை. ஆனால், பனி கொட்டும் நாள்களில் மணாலியைத் தாண்டிய சில கிலோமீட்டரிலேயே காவல் துறையின் தடுப்பு குறுக்கே நிற்கிறது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வாகனங்களுக்கு மட்டுமே மேலே செல்ல அனுமதி. வேனில் வந்தவர்கள் இறங்கி, உள்ளூர் ஜீப்புகளுக்கு மீண்டும் ஒரு வாடகை கொடுக்க வேண்டும். அல்லது வந்த வழியே திரும்ப வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு காரணமில்லாமல் வந்ததல்ல. 2020 அக்டோபர் 3-ஆம் தேதி, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்ட பின்னர், குளிர்காலத்திலும் அப்பகுதிக்கு வரும் வாகனங்களின் எண்ணிக்கை பெருகிவிட்டது. 2024 டிசம்பர் இறுதியில் சோலாங் பகுதியில் ஏற்பட்ட பனிப்பொழிவில் நூற்றுக்கணக்கான வாகனங்கள் வழுக்கி நின்றன. ஆயிரக்கணக்கான பயணிகளைக் காவல் துறையினர் மீட்க வேண்டியிருந்தது. உயிரைக் காக்கும் நோக்கில் விதிக்கப்படும் தடையை யாரும் குறைகூற முடியாது.

கேள்வி வேறு. நான்கு சக்கர இயக்கம் வேண்டும் என்கிறது மாவட்ட நிர்வாகம். அத்தகைய பயணிகள் வேன் சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை. இருக்கும் வேனை மாற்றிக்கொண்டால் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இந்த மூன்றுக்கும் இடையில் நிற்பவர், ஒற்றை வேனை நம்பிக் குடும்பம் நடத்தும் உரிமையாளர்.

ஜெர்மானிய வம்சாவளி

தமிழ்நாட்டில் கல்யாண வீட்டாரும் ஐயப்ப பக்தர்களும் நன்கறிந்த 'டெம்போ டிராவலர்', பஜாஜ் டெம்போ நிறுவனம் 1980-களின் பிற்பகுதியில் மெர்சிடிஸ் பென்ஸ் வேன் ஒன்றின் வடிவமைப்பைக் கொண்டு இந்தியாவில் தயாரிக்கத் தொடங்கிய வாகனம். அந்த நிறுவனம் பின்னர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் எனப் பெயர் மாறியது. 12, 17, 20 எனப் பல இருக்கை அளவுகளில் ஓடும் இவ்வகை வேன்களில், இன்ஜினின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. சமவெளிக்கு இது போதுமானது. எடை குறைவு, பராமரிப்பு எளிது, டீசலும் மிச்சம்.

பனியில்தான் சிக்கல். ஏற்றத்தில் பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து சுழலத் தொடங்கினால், முன்சக்கரங்களால் வண்டியை இழுக்க முடியாது. நான்கு சக்கர இயக்கத்தில், கியர் பெட்டியை அடுத்து 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்ற இன்னொரு பெட்டி உண்டு. அது விசையைப் பிரித்து முன்சக்கரங்களுக்கும் அனுப்புகிறது. செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக, ஆனால் அதிக இழுவிசையுடன் செல்வதற்கான தாழ்நிலைப் பல்சக்கரமும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

மைலேஜ் எங்கே போகிறது?

இந்த வசதிக்கு டீசலில் விலை கொடுக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் அச்சுக்கான டிஃபரன்ஷியல், கூடுதல் சுழல் தண்டு ஆகியவற்றின் எடை, பனி இல்லாத நாள்களிலும் வண்டியோடு பயணிக்கிறது. சுழலும் பாகங்கள் அதிகமாவதால் உராய்வும் கூடுகிறது. முன் அச்சுக்கு இடம் தேடி வண்டியின் உயரத்தை ஏற்றினால் காற்றின் எதிர்ப்பும் அதிகமாகும். பெரிய டயர் மாட்டினால் சுமை இன்னும் கூடும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடிய வேன், மாற்றத்துக்குப் பின் 8 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 50,000 கிலோமீட்டர் ஓடினால், 5,000 லிட்டராக இருந்த டீசல் செலவு 6,250 லிட்டராகிறது. லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால், கூடுதல் செலவு 1,12,500 ரூபாய். பனிச்சாலையில் ஓடுவதோ ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே. 2014 அக்டோபரில் டீசல் மீதான விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. எனவே, இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ள அரசு மானியமும் இல்லை.

மலையின் உயரமும் தன் பங்கைக் கேட்கிறது. மணாலி - லே சாலையில் உள்ள தாங்லாங் லா கணவாயின் உயரம் 5,300 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். காற்று மெலியும்போது இன்ஜினின் திறன் குறைகிறது. ஓட்டுநர் தாழ்ந்த கியரிலேயே ஊர்ந்து செல்ல நேரிடுகிறது. கடுங்குளிரில் சாதாரண டீசல் உறையத் தொடங்கும் என்பதால், மைனஸ் 33 டிகிரி வரை திரவமாகவே இருக்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகப்படுத்தியது. எரிபொருளை மலைக்கு ஏற்ப மாற்ற முடிந்தது. மக்கள் ஏறும் வேன் மட்டும் சமவெளிக்கு உரியதாகவே இருக்கிறது.

பட்டறையில் மாற்றினால்...

பழைய ஜீப்பின் முன் அச்சையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் வேனில் பொருத்திவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. இரும்பு வேலையாக மட்டும் பார்த்தால் அது சாத்தியமே. ஆனால், முன் அச்சு நுழையும் இடத்தில் இன்ஜினின் எண்ணெய்த் தொட்டியும் ஸ்டீயரிங் தண்டுகளும் இருக்கின்றன. அவற்றை இடம் மாற்ற வேண்டும். சஸ்பென்ஷனையும் மாற்ற வேண்டும். முன், பின் அச்சுகளின் பல்விகிதம் துல்லியமாக ஒத்துப்போகாவிட்டால் சக்கரங்கள் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும்.

வண்டியின் உயரம் கூடக்கூட அதன் ஈர்ப்பு மையமும் மேலேறும். ஏற்கெனவே உயரமான கூண்டும் கூரையில் பெட்டிகளும் கொண்ட வேன், கொண்டை ஊசி வளைவில் கவிழும் ஆபத்து இதனால் அதிகமாகிறது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ள பாரத் ஸ்டேஜ்-6 விதிகளின்படி வரும் வாகனங்களில் இன்ஜினும் புகை வடிகட்டும் அமைப்பும் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குபவை. பிரேக்கும் அவ்வாறே கண்காணிக்கப்படுகிறது. பல்விகிதத்தையும் டயர் அளவையும் மாற்றினால், அந்தக் கட்டுப்பாட்டின் கணக்கே பிறழக்கூடும்.

இன்னோர் உண்மையும் உண்டு. நான்கு சக்கர இயக்கம் வண்டியை நகர்த்த உதவுமே தவிர, நிறுத்த உதவாது. பிரேக் எல்லா வாகனங்களிலும் நான்கு சக்கரங்களுக்கும்தான் இருக்கிறது. பனிக்கட்டி மீது இறங்கும் வண்டியைத் தடுத்து நிறுத்துவது டயரின் பிடிப்பும் அதில் கட்டிய சங்கிலியும்தான்.

சட்டம் சொல்வது

இந்த ஆபத்துகளை மனதில் கொண்டால், சட்டத்தின் கண்டிப்பு புரியும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து மேல்முறையீடாக வந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ஆம் தேதி இதை உறுதிசெய்தது. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறான மாற்றங்களை அனுமதிக்க முடியாது என்று தெளிவுபடுத்தியது.

அதே ஆண்டில் நிறைவேறிய திருத்தச் சட்டம், அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வகை செய்தது. வாடகை வேனுக்கு இதைவிடப் பெரிய அச்சம் தகுதிச் சான்றும் காப்பீடும். விபத்து நேர்ந்தபின், வாகனம் சட்டத்துக்குப் புறம்பாக மாற்றப்பட்டது என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட்டால், பாதிக்கப்பட்ட பயணிகள்தான் அலைய வேண்டியிருக்கும்.

ஆனால், மாற்றங்களே கூடாது என்று சட்டம் முற்றாகக் கதவடைக்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட சாதனத் தொகுப்பைப் பொருத்தி, இயற்கை எரிவாயுவுக்கோ மின்கலத்துக்கோ மாறலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக வாகனத்தைத் தகவமைக்கவும் வழி உண்டு. எரிவாயுத் தொகுப்பைச் சோதித்துச் சான்று வழங்கும் புணே இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. நான்கு சக்கர இயக்கத்துக்கு மட்டும் இப்படியொரு தனி வழி வகுக்கப்படவில்லை.

அளவுகோலுக்கு வெளியே

எரிபொருள் சிக்கனத்திலும் பெரிய வேன் யாருடைய கவனத்துக்கும் வராத பிள்ளை. எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2017-18 நிதியாண்டில் நடைமுறைக்கு வந்து, 2022-23 முதல் கடுமையாக்கப்பட்ட சராசரி எரிபொருள் சிக்கன விதிகள், ஓட்டுநர் உள்பட ஒன்பது பேருக்கு மேற்படாத, 3,500 கிலோவுக்கு மிகாத பயணிகள் வாகனங்களுக்கு உரியவை. 12 பேரும் 17 பேரும் ஏறும் வேன் அந்த வரம்பில் இல்லை. கனரக வாகனங்களுக்கான அளவுகோல் தனி. அது சமதளத் தடத்தில் நிலையான வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் சோதனையை அடிப்படையாகக் கொண்டது. மலையேறும் வேன் எவ்வளவு டீசல் குடிக்கும் என்பதற்கு அந்த எண் விடையாகாது.

சிக்கனத்தை வண்டிக்கு எத்தனை லிட்டர் என்று பார்க்காமல், ஆளுக்கு எத்தனை லிட்டர் என்று பார்த்தால் படம் மாறுகிறது. 16 பயணிகளை ஏழு இருக்கை ஜீப்புகளில் ஏற்றினால், ஓட்டுநர் நீங்கலாக வண்டிக்கு ஆறு பேர் வீதம் மூன்று ஜீப்புகள் வேண்டும். ஒவ்வொன்றும் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடினாலும் 100 கிலோமீட்டருக்கு மொத்தம் 25 லிட்டர் செலவாகும். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் நான்கு சக்கர இயக்க வேன் ஒன்று, அதே 16 பேரை 12.5 லிட்டரில் கொண்டுசெல்லும். செலவில் மட்டுமல்ல, சாலை நெரிசலிலும் புகையிலும் இது லாபம். பனிநாள்களில் வேனைத் தடுத்து ஜீப்புகளை அனுமதிக்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறானது.

பிற நாடுகளில்

இது தீராத தொழில்நுட்பச் சிக்கலும் அல்ல. சோவியத் ரஷியாவின் உவாஸ்-452 என்ற நான்கு சக்கர இயக்க வேன் 1965 முதல் தயாரிக்கப்பட்டு வருகிறது. ஜப்பானின் மிட்சுபிஷி டெலிகா வேன் 1982-இல் இந்த வசதியைப் பெற்றது. 1980-களின் நடுவில் ஃபோக்ஸ்வேகன் வேனின் நான்கு சக்கர இயக்க வகையை, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஓர் ஆலை தயாரித்துக் கொடுத்தது. அங்கெல்லாம் மாற்றத்தின் பொறுப்பைத் தயாரிப்பாளரே ஏற்றுக்கொண்டார்.

நம் நாட்டுக்கும் இந்தத் திறமை புதிதல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டின் 'ஸ்டாலியன்' நான்கு சக்கர இயக்க லாரிகள், பல ஆண்டுகளாக ராணுவத்துக்கு இமயத்தில் சுமை ஏற்றுகின்றன. ராணுவம் கேட்டது, தொழிற்சாலை கொடுத்தது. மலைவாசிகளுக்காகவும் பயணிகளுக்காகவும் அப்படிக் கேட்பவர் இல்லை.

வழி என்ன?

பட்டறை மாற்றங்களுக்கு உள்ள தடையைத் தளர்த்துவது தீர்வாகாது. அது உயிரோடு விளையாடுவதாகும். ஆனால், தடையோடு அரசின் கடமை முடிந்துவிடவில்லை. எரிவாயுத் தொகுப்புக்கு இருப்பதைப் போல, தயாரிப்பாளரின் ஒப்புதலோடும் சோதனைச் சான்றோடும் நான்கு சக்கர இயக்கத் தொகுப்பைப் பொருத்துவதற்கான விதிகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வகுக்கலாம். மலை மாநிலங்களின் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் சுகாதாரத் துறைகளும் ஒன்றுசேர்ந்து கொள்முதல் செய்ய முன்வந்தால், இத்தகைய வேனையும் ஆம்புலன்ஸையும் தயாரிக்க நிறுவனங்களுக்குத் துணிவு பிறக்கும்.

அதுவரை கைக்கெட்டிய தீர்வு பனிச் சங்கிலி. காஷ்மீரில் தங்மார்க்கிலிருந்து குல்மார்க் செல்லும் சாலையில், பனிக்காலத்தில் நான்கு சக்கர இயக்கம் இல்லாத வாகனங்களையும் சங்கிலி கட்டியிருந்தால் அனுமதிக்கும் நடைமுறை உண்டு. சங்கிலிக்குப் பதிவுச் சான்றில் திருத்தம் தேவையில்லை. பனி முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். ஆண்டு முழுவதும் டீசலை விழுங்காது. தரமான சங்கிலியும் அதைக் கட்டத் தெரிந்த ஓட்டுநரும் இருக்கும் வேனை, பனியின் அளவைப் பொறுத்து அனுமதிப்பது குறித்து பிற மலை மாவட்டங்களும் பரிசீலிக்கலாம்.

அடல் சுரங்கத்தால் மணாலிக்கும் லேவுக்கும் இடையிலான தூரம் 46 கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. அதற்காக மலையையே குடைந்த அரசுக்கு, அந்தப் பாதையில் பாதுகாப்பாக ஓடக்கூடிய ஒரு வேனுக்கு விதி எழுதுவது பெரிய வேலையல்ல. விதி வரும்வரை, ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்தத் தடுப்பின் முன்னால் வேன்கள் வரிசையில் நின்றுகொண்டுதான் இருக்கும்.