பல்கலைக்கழகப் புகுமுக மாணாக்கரும் கட்டுரைக் கலையும்

பள்ளியிற் சிறந்த கட்டுரையாளரெனப் பெயர் பெற்ற மாணாக்கர் பலர், பல்கலைக்கழகத்தின் முதலாண்டிலே தம் எழுத்துக்குக் குறைந்த புள்ளி பெற்றுத் திகைத்து நிற்றல் எங்கும் காணப்படுவதொன்றாம். வன்னிப் பெருநிலப்பரப்பில் இத்திகைப்புச் சற்று மிகுதியெனலாம். வவுனியாவில் 1991-ஆம் ஆண்டு இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம், 1997-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021-இல் வவுனியாப் பல்கலைக்கழகமெனத் தனித்து நின்றது. கிளிநொச்சி அறிவியல்நகரிலோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் உள்ளன. இவ்விடங்களிற் போதனைமொழி பெரும்பாலும் ஆங்கிலம். அங்குப் புகும் வன்னி மாணாக்கரோ பெரும்பாலும் தமிழ்மொழி மூலம் பயின்றோர். உயர்தர வகுப்பிற் பொது ஆங்கிலம் கற்பிக்கப்படினும், அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்குரிய இஸட் புள்ளிக் கணிப்பிற் சேர்வதில்லை. ஆகலின் அப்பாடம் பலராலும் புறக்கணிக்கப்படுகின்றது.

இதனாற் குறை முழுவதும் ஆங்கிலத்தின்பாற்பட்டதென மாணாக்கரும் பெற்றோரும் கருதுவர். அக்கருத்துப் பாதி உண்மையே. அதே வினாவைத் தமிழிற் கொடுத்து விடையெழுதச் செய்யினும் அம்மாணாக்கருட் பலர் இடர்ப்படுவர். ஏனெனில், தடைகள் இரண்டு. ஒன்று மொழி, மற்றையது, கருத்தை நிறுவும் முறை. முன்னையது கண்ணுக்குப் புலனாவது. பின்னையது மறைந்து நிற்பது. மறைந்து நிற்கும் இத்தடையே ஈண்டு ஆராயத்தக்கது.

பள்ளிக் கட்டுரையின் இயல்பு யாவரும் அறிந்ததே. தலைப்பு ஒரு பொருளின் பெயராக இருக்கும். முன்னுரையில் ஒரு குறள். பொருளுரையிற் செய்திகளின் திரட்டு. முடிவுரையில் வாழ்த்து அல்லது அறிவுரை. வழிகாட்டி நூலொன்றிலிருந்து மனனஞ் செய்து எழுதினும் புள்ளி கிடைக்கும். இம்முறை முற்றாகப் பயனற்றதன்று. சொல்வளமும் எழுத்துப் பிழையின்மையும் இதனால் வளரும். ஆயினும் இஃது ஒரு வினாவை எழுப்புவதில்லை. வினா இல்லாதவிடத்து விடையும் இல்லை. விடை இல்லாதவிடத்து அதனைத் தாங்கும் சான்றுக்கும் வேலை இல்லை.

பல்கலைக்கழகக் கட்டுரையோ வினாவிலே பிறப்பது. பிரான்சிய அறிஞர் மொந்தேன் 1580-இல் வெளியிட்ட தம் நூலுக்கு இட்ட பெயர், முயற்சி, சோதித்துப் பார்த்தல் என்னும் பொருளது. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கட்டுரைப் பயிற்சியை முதலாண்டு மாணாக்கர்க்குக் கட்டாய பாடமாக்கியது. உயர்கல்விக்கு வருவோர் எழுதத் தெரிந்தே வருவரென்று கொள்ளலாகாது, அங்கு வந்த பின்னரும் அவர்க்கு எழுத்துப் பயிற்சி வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடமாம்.

இம்முறை மேல்நாட்டார்க்கே உரியதென எண்ணுதல் தவறு. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலாசிரியன் கொள்ளத்தக்க மதங்கள் ஏழினை வகுத்துள்ளார். பிறர் கொள்கைக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தன் கொள்கையை நாட்டி இறுதிவரை நிலைநிறுத்தல், இருவர் மாறுபடுமிடத்து ஒன்றனைத் துணிதல் முதலியன அவை. பிறர் கூற்றுக்கும் தன் கூற்றுக்குமுள்ள தொடர்பை எழுதுவோன் அறிந்து எழுதவேண்டும் என்பதே இவற்றின் சாரம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிற் பிறர் மதங்களைப் பரபக்கத்தில் எடுத்துரைத்து மறுத்த பின்னரே சுபக்கத்தில் தம் மதத்தை நிறுவினார். ஆறுமுக நாவலர் 1854-இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரமும், எதிர்ப்பக்கத்தார் போற்றும் நூலினின்றே சான்று காட்டி விடையிறுக்கும் உரைநடை நூலாம். எனவே, பல்கலைக்கழகம் வேண்டுவது தமிழ்மாணாக்கர்க்குப் புதியதன்று. மறந்துபோன பழைய சொத்தேயாம்.

இனி, இம்முறை எவ்வாறு தொழிற்படும் என்பதை வன்னிக்குரிய ஓர் உதாரணத்தாற் காண்பது தகும். 'இரணைமடுக் குளம்' என்பது தலைப்பாயின், பள்ளி மாணாக்கன் கனகராயன் ஆற்றை மறித்து அக்குளம் கட்டப்பட்டமை, 1902-இல் வேலை தொடங்கியமை, வயல்கள் செழித்தமை ஆகியவற்றைக் கூறிக் குளத்தை வாழ்த்தி முடிப்பான். செய்திகள் மெய்யே, எனினும் அவற்றை மறுப்பாரும் இல்லை, அவற்றால் ஐயந் தீர்ந்தாரும் இல்லை.

'இரணைமடு நீரை யாழ்ப்பாணக் குடிநீருக்குப் பகிர்தல் தகுமா?' என்பது தலைப்பாயின், நிலைமை வேறாம். 2010-இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு தொடங்கப்பெற்ற நீர் வழங்கல் திட்டம் இவ்வினாவை மெய்யாகவே எழுப்பிற்று. கிளிநொச்சி விவசாயிகள் அதனை எதிர்த்தனர். பின்னர் வடமராட்சி கிழக்குத் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பெற்று 2024-இல் திறந்துவைக்கப்பட்டது.

இவ்வினாவை எடுத்த மாணாக்கன் முதலிற் சான்று தேடவேண்டும். குளத்தின் நீர்மட்டப் பதிவு, மழைவீழ்ச்சிக் கணக்கு, சிறுபோகத்திற் பயிரிட்ட நிலத்தின் அளவு, விவசாயிகளின் வாய்மொழி ஆகியன வெவ்வேறு வகைச் சான்றுகள். ஒரு வகை பிறிதொன்றன் வேலையைச் செய்யாது. விவசாயியின் வாய்மொழி அவர் அச்சத்துக்குச் சான்றாகும். நீரின் கொள்ளளவுக்குச் சான்றாகாது. அடுத்து, தன் துணிபை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்த்தல் வேண்டும். 'சிறுபோகத்துக்கு வேண்டிய நீரை ஒதுக்கிய பின்னர் எஞ்சும் ஆண்டுகளில் மட்டும் பகிர்தல் தகும்' என்பது ஒரு துணிபு. 'நீர் இன்றியமையாதது' என்பது துணிபன்று. அதனை மறுப்பார் எவருமிலர்.

அதன்பின், எதிர்ப்பக்கத்தை அதன் வலிமை தோன்றக் கூறல் வேண்டும். பகிர்வை மறுக்கும் கட்டுரையாயின், யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை, சுண்ணக்கற் பாறையின் நிலத்தடி நீரே அதற்கு ஆதாரம், அந்நீரிற் பலவிடங்களில் உவரும் நைத்திரேற்றும் மிகுந்துள்ளன என்பவற்றை மறையாது கூறவேண்டும். எதிரியை மெலிந்தவனாகக் காட்டி வெல்லுதல் வெற்றியன்று. பந்தி ஒவ்வொன்றும் துணிபுக்குத் துணைசெய்யும் ஒரு கருத்தையே தாங்குதல் வேண்டும்.

முதற்படி எழுதி முடித்தவுடன் கட்டுரை முடிந்ததென்று கொள்வோர் பலர். உண்மையில் அங்கேயே வேலை தொடங்குகின்றது. படியைத் திருத்துதற்கு நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களினும் சிறந்த அளவுகோல் அரிது. வேண்டிய சான்றை விட்டிருப்பின் அது குன்றக் கூறல். ஒரு கருத்தையே வேறு சொல்லால் மீட்டுரைப்பின் அது கூறியது கூறல். முதற்பந்தியும் முடிவும் முரணின் அது மாறுகொளக் கூறல். குளத்தைப் பற்றி எழுதப் புகுந்து பண்டை மன்னர் பெருமையில் இறங்கின் அது மற்றொன்று விரித்தல். உற்சாகத்தோடு தொடங்கிச் சோர்ந்து முடியின் அது சென்றுதேய்ந்திறுதல். ஆசிரியர் சிவப்புமையால் அடிக்குமுன் மாணாக்கன் தானே இக்குற்றங்களைக் கண்டு களைதல் நன்று.

பிறர் நூலினின்று எடுத்ததை இன்னாரது என்று குறித்தலும் இப்பயிற்சியின் கூறாம். மனனஞ் செய்ததை ஒப்புவித்துப் பாராட்டுப் பெற்ற மாணாக்கனுக்கு இது கடினமாகத் தோன்றும். முன்பு புகழப்பட்டதே ஈண்டுக் குற்றமாகின்றது. கணினியே கட்டுரை எழுதிக் கொடுக்கும் இக்காலத்தில் இவ்வெச்சரிக்கை முன்னையினும் வேண்டப்படும். பிறர் எழுதியதை ஒப்படைப்பவன் புள்ளி பெறக்கூடும். தன் கருத்து யாதென அறியும் வாய்ப்பை இழப்பான்.

ஆங்கிலத் தடை இதனால் நீங்கிவிடுமோவெனின், நீங்காது, இலகுவாகும். துணிபும் சான்றும் முறைவைப்பும் தமிழிலே தெளிந்திருப்பின், மாணாக்கன் ஆங்கிலத்திற் போராடவேண்டுவது சொல்லோடும் இலக்கணத்தோடும் மட்டுமே. இரண்டும் ஒருங்கே புதியனவாயின் அவன் தன் அறிவிலேயே ஐயங்கொள்வான். போரினாற் பன்முறை இடம்பெயர்ந்து, 2009-இன் பின்னர் ஒன்றுமில்லாத நிலையிற் பாடசாலைகளை மீளத் தொடங்கிய மண்ணின் பிள்ளைகள் அவ்வாறு மனமுடைந்து பின்வாங்குதல் பேரிழப்பாகும். அவர் வாழ்வையும் வயலையும் குளத்தையும் பற்றிய முடிவுகள் எழுத்திலே வாதிக்கப்பட்டு எழுத்திலே தீர்க்கப்படுகின்றன. அவ்வெழுத்தை ஆளத் தெரியாதார் சார்பிற் பிறரே பேசுவர்.

ஆதலின், இப்பயிற்சி பல்கலைக்கழக வாயிலிலன்றிப் பள்ளியின் மேல்வகுப்புகளிலேயே தொடங்குதல் வேண்டும். திங்களுக்கு ஒரு கட்டுரையேனும் பெயரைத் தலைப்பாகக் கொள்ளாது வினாவைத் தலைப்பாகக் கொள்க. ஒருமுறை எழுதியதை மறுமுறையும் எழுதுவிக்க. இரண்டாம் படிக்கே புள்ளி வழங்குக. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஆசிரியரின் பொறுமையும் மாணாக்கரின் நேர்மையுமே வேண்டுவன.