ஜப்பான்: உழைக்க வரலாம், குடும்பத்தோடு வர முடியாது

ஜப்பானில் பத்தில் ஏறக்குறைய மூன்று பேர் 65 வயதைக் கடந்தவர்கள். அவர்களைக் குளிப்பாட்டவும் சோறூட்டவும் ஆட்கள் போதவில்லை. எனவே 2019 ஏப்ரலில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குப் புதிய விசா வந்தது. ஐந்தாண்டுகளில் 3,45,000 பேர் வரை எடுப்பது திட்டம். முதியோர் பராமரிப்புக்கே அதிக இடங்கள்.

ஆனால் "இது குடியேற்றக் கொள்கை அல்ல" என்பதில் பிரதமர் ஷின்சோ அபே உறுதியாக நின்றார். வந்தவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்ற அச்சம் அவரது கட்சிக்குள்ளேயே இருந்தது. அதனால்தான் முதல் நிலை விசாவில் பொதுவாக ஐந்தாண்டுகள்தான் தங்கலாம். மனைவி மக்களை அழைத்துக்கொள்ள முடியாது. வளைகுடாப் பயணங்களால் பிரிந்து வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு இது புரியாததல்ல.

2025 ஜூலையில் 'ஜப்பானியருக்கே முதலிடம்' என்று முழங்கிய சன்சேய்தோ கட்சி மேலவையில் 14 இடங்களை வென்றது.

இந்தியாவும் 2021இல் இத்திட்டத்தில் இணைந்தது. பராமரிப்பு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், ஜப்பானிய மொழியில் நடக்கும் அரசுத் தேர்வில் தேறி விசாவை மாற்றினால் குடும்பத்தை அழைக்கலாம்.