வளையத்தடியில் ஐவர்

1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய ஆட்டம் கூடைப்பந்து. சென்னையில் ஹாரி பக் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் அதைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றார்கள். கொங்கு நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிக்கும் இது கட்டுப்படியானது: ஒரு பந்து, ஐந்து பையன்கள், இரண்டு கம்பங்கள்.

வளையம் 3.05 மீட்டர் உயரத்தில். பலகை மரம். மழையில் ஊறி உப்பிய இடத்தில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது உள்ளூர்ப் பையன்களுக்கு மட்டுமே தெரியும். வெளியூர் அணிக்குப் பாதித் தோல்வி அங்கேயே. மூன்று புள்ளிக் கோடு சர்வதேச விதிகளில் 1984-இல்தான் வந்தது. அதுவரை எவ்வளவு தொலைவிலிருந்து போட்டாலும் இரண்டே புள்ளி. அதனால் வளையத்தடியில் நிற்க வளர்த்தியான பையனைத் தேடி பி.டி. மாஸ்டர் வகுப்பு வகுப்பாகப் போவார். தேறியவர்களை ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற அணிகள் வேலை கொடுத்து அழைத்துக்கொண்டன.

1978-இல் பிளஸ் டூ வந்தது. பின்னர் மதிப்பெண் ஓட்டத்தில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கும் வேதியியலும் எடுத்துக்கொண்டன. இது பெரிய இழப்பு. மாஸ்டர் ஓய்வுபெற்றதும் கலைந்த அணிகள் பல. கோவை பீளமேட்டில் பி.எஸ்.ஜி. கோப்பைக்கான அகில இந்தியப் போட்டியைப் பார்க்க வரும் பெரியவர்களிடம் கேளுங்கள், தங்கள் பள்ளி ஐவரின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள்.