வேலைக்குச் சென்று வீடு திரும்பாதவர்கள்



மும்பையில் வாழ்கிறவர்கள் பைகுல்லாவிலுள்ள தீயணைப்புப் படைத் தலைமையகத்தைக் கடந்து சென்றிருப்பீர்கள். பணியின்போது உயிர்நீத்த வீரர்களுக்காக அங்கே ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டுள்ளது. ஒவ்வோராண்டும் ஏப்ரல் 14-ஆம் நாள் தேசிய தீயணைப்புப் பணி நாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்று தொடங்கி ஏப்ரல் 20 வரை, நாடெங்கும் அது ஒரு வாரமாக நீடிக்கிறது. அந்த நாளின் வரலாற்றை நம்மில் எத்தனைபேர் அறிந்திருக்கிறோம்?

1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். பம்பாய் விக்டோரியா துறையில் 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' என்னும் சரக்குக் கப்பல் நின்றது. அதற்குள் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருட்கள் இருந்தன. கராச்சியில் பஞ்சுப்பொதிகளும் எண்ணெயும் அதே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. எளிதில் தீப்பற்றும் பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றுவது ஆபத்து என்று கப்பலின் தலைவரே ஆட்சேபம் தெரிவித்திருந்தார். போர்க்கால அவசரத்தில் அந்த ஆட்சேபம் எடுபடவில்லை. அன்று பிற்பகல் பஞ்சிலே தீ மூண்டது. தீயணைப்பு வீரர்கள் ஓடிவந்து கப்பலுக்குள் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். மாலை 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்துச் சிதறியது. சிறிது நேரத்தில் மீண்டும் வெடித்தது. அதன் அதிர்வு தொலைவிலுள்ள சிம்லாவின் நிலநடுக்கக் கருவியிலும் பதிவாயிற்று.

அந்த நாளில் மாண்ட தீயணைப்பு வீரர்கள் 66 பேர்.  அவர்களுடைய பெயர்கள் பதிவேட்டில் இருந்தன. ஆனால் அன்று மாண்டவர்கள் மொத்தம் எத்தனைபேர்? சிலர் 800 என்கிறார்கள். சிலர் 1,300 வரை சொல்லுகிறார்கள். மூட்டை சுமந்தவர்கள், தினக்கூலிக்கு வந்தவர்கள், துறைமுகத்தை அடுத்த குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் ஆகியோரின் கணக்கு இன்றளவும் திட்டமாக இல்லை. ஒரே நாளில் ஒரே நெருப்பில் மாண்டவர்களுள் ஒரு கூட்டத்துக்குப் பெயர் உண்டு, நினைவுநாளும் உண்டு. இன்னொரு கூட்டத்துக்கு எண்ணிக்கைகூட இல்லை.

பிரியமானவர்களே, இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள்.

பட்டியலில் இல்லாதவர்கள்

நம் நகரங்களில் பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்ய இறங்குகிறவர்களை நினைத்துப் பாருங்கள். உள்ளே தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு ஒருவரை நொடிப்பொழுதில் மயங்கச் செய்துவிடும். அவரைத் தூக்கிவிட இறங்கும் தோழரும் அங்கேயே விழுகிறார். மனிதக் கழிவுகளை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கிற்று. 1993 முதல் சாக்கடைப் பணியில் இறந்த அனைவரின் குடும்பங்களையும் கண்டறிந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என்பதே அது. 2023 அக்டோபர் 20 அன்று அந்தத் தொகையை அதே நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்திற்று.

"கண்டறிந்து" என்னும் சொல்லைக் கவனியுங்கள். எவருடைய பெயரை ஒருவரும் எழுதிவைக்கவில்லையோ, அவருடைய குடும்பத்தை எப்படிக் கண்டறிவது? ஆகையால் மாண்டவரை நினைவில் வைப்பது வெறும் உணர்ச்சி சார்ந்த காரியமன்று. ஒரு விதவையின் அடுப்பு எரிவதும், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதும் பலவேளைகளில் அந்த நினைவைப் பொறுத்தே அமைகின்றன.

இதை உணர்ந்தே கனடா நாட்டின் தொழிற்சங்கத்தார் 1984-ஆம் ஆண்டில், பணியில் இறந்தவர்களுக்காக ஏப்ரல் 28-ஆம் நாளை நினைவுநாளாகத் தொடங்கினார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2003 முதல் அதே நாளைப் பணியிடப் பாதுகாப்பு நாளாக அனுசரிக்கிறது. வேலையால் உண்டாகும் விபத்துகளாலும் நோய்களாலும் உலகில் ஆண்டுதோறும் 30 லட்சத்துக்குச் சற்றே குறைவானோர் மரிக்கிறார்கள் என்பது அந்த அமைப்பின் மதிப்பீடு.

சாட்சி சொல்ல இயலாதவர்

நம் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. சாரத்திலிருந்து விழுந்தும் உயிர்தப்பிய சகோதரர் சபை நடுவே நின்று சாட்சி சொல்லுகிறார். நாம் ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். அது நல்லதே. ஆனால் அப்படியே விழுந்து மாண்டுபோன ஒருவரின் மனைவி கடைசி வரிசையில் அமர்ந்து அந்தச் சாட்சியைக் கேட்டுக்கொண்டிருப்பதை நாம் எண்ணிப்பார்த்தோமா? "என் கணவர் ஜெபிக்கவில்லையா? அவருக்கு விசுவாசம் இல்லையா?" என்று அவள் உள்ளத்தில் எழும் கேள்விக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

ஆண்டவராகிய இயேசு பதில் வைத்திருக்கிறார். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் மாண்ட செய்தியை அவரே எடுத்துப் பேசினார் (லூக்கா 13:4). அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரிலும் பெரிய குற்றவாளிகள் என்னும் எண்ணத்தை அவர் திட்டமாய் மறுத்தார். மாண்டவர்மேல் பழிசுமத்தும் உரிமை நமக்கு இல்லை. "எல்லாம் தேவசித்தம்" என்று கூறி, பாதுகாப்பு வலை கட்டாத ஒப்பந்ததாரரின் பொறுப்பை மறைப்பதும் நமக்குத் தகாது.

உபாகமம் 22:8-ஐ எடுத்து வாசியுங்கள். புதுவீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்கவேண்டும்; வைக்காமல் ஒருவன் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று அங்கே காண்கிறோம். விழுந்தவனுடைய விசுவாசத்தை அந்தக் கட்டளை விசாரிக்கவில்லை. சுவர் வைக்காதவனையே கேட்கிறது. நாம் புதிய ஆலயம் கட்டும்போது சாரத்தின்மேல் நிற்கிற தொழிலாளிக்குத் தலைக்கவசமும் பாதுகாப்புப் பட்டையும் உண்டா என்று கேட்கிறோமா? பிரதிஷ்டை நாளைக் குறித்துவிட்டு, இரவும் பகலும் வேலை நடக்கட்டும் என்று அவசரப்படுத்துகிறோமா?

நாம் செய்யக்கூடியவை

ஏப்ரல் 28-ஐ ஒட்டிவரும் ஞாயிறு ஆராதனையில், சபைக் குடும்பங்களில் பணியின்போது மரித்தவர்களின் பெயர்களை வாசியுங்கள். பெயர், ஊர், செய்த தொழில், மரித்த நாள் ஆகியவற்றைச் சபைப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். சபையில் இல்லாதவராயினும், உங்கள் தெருவில் அப்படி மரித்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்காதீர்கள்.

விபத்து நேரிட்டால் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பக் காணிக்கை எடுப்பதோடு நின்றுவிடாதேயுங்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு அல்லது வேலைசெய்ததைக் காட்டும் ஏதேனும் சான்று, உடன் வேலைசெய்தவர்களின் முகவரி ஆகியவற்றை அந்தக் குடும்பத்துக்காகத் திரட்டிக் கொடுங்கள். ஒரு சிறு தொகையைக் கையில் திணித்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடவேண்டாம் என்று அந்தச் சகோதரிக்குச் சொல்லுங்கள். பணியிட விபத்துக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இப்போது அந்த உரிமை, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கியுள்ளது. மரித்தவர் இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருந்தவரானால், அவரைச் சார்ந்தோருக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. இது எவரும் இரங்கிப் போடும் பிச்சையன்று. அந்தக் குடும்பத்துக்குரிய பங்கு.

அன்பானவர்களே, பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். காலையில் சோற்றுப் பாத்திரத்துடன் புறப்பட்டவர் மாலையில் திரும்புவார் என்னும் நம்பிக்கையில்தான் நம் வீடுகள் நிற்கின்றன. திரும்பாமற்போனவரின் பெயரை நாமாவது மறவாதிருப்போம். நாளை புறப்படப்போகிறவர் பத்திரமாய்த் திரும்பும்படி, இன்றே கைப்பிடிச்சுவரைக் கட்டுவோம்.

கர்த்தர் தாமே திக்கற்ற பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும் ஆதரவாயிருப்பாராக. ஆமென்.