மலை தாங்குமா?

பாரம் ஏற்றுமுன் வண்டி தாங்குமா என்று பார்ப்பது வண்டிக்காரர் வழக்கம். அணை கட்டுமுன், சுரங்கம் தோண்டுமுன், அந்த நிலமும் நீரும் மக்களும் அதனைத் தாங்குவார்களா என்று ஆராய்ந்து எழுதுவதே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு ஆகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1969-இல் இதற்கெனச் சட்டம் இயற்றின. நமது நாட்டில் 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1994-இல் முதல் அறிவிக்கை வெளியாயிற்று. அதற்கு மாற்றாக 2006 செப்டம்பர் 14-இல் வந்த அறிவிக்கையே பல திருத்தங்களுடன் நடைமுறையில் உள்ளது.

நீலகிரியில் குந்தா நீர்மின் திட்டம் கனடாவின் உதவியோடு 1950-களில் தொடங்கப்பெற்றது. அணைகளால் மூழ்கும் சோலைகளையும் புல்வெளிகளையும் முன்கூட்டிக் கணக்கிட வேண்டும் என்று அந்நாளில் எந்த விதியும் இல்லை. இன்றோ, அத்தகைய பெருந்திட்டம் எதுவும் முன் அனுமதியின்றித் தொடங்கலாகாது.

அனுமதிக்கு நான்கு படிகள் உண்டு. மதிப்பீடு தேவையா என்று தெரிதல் முதற்படி. எவற்றை ஆராய்வது என வரையறுத்தல் இரண்டாவது. மக்கள் கருத்தைக் கேட்டல் மூன்றாவது. வல்லுநர் குழுவின் பரிசீலனை நான்காவது.

இவற்றுள் கிராம மக்களுக்கு நேரே உரியது மூன்றாம் படியாகும். கருத்துக் கேட்புக் கூட்டத்திற்குக் குறைந்தது 30 நாட்கள் முன்னறிவிப்பு தரவேண்டும். அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் இருத்தல் வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை நடத்தும். மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரோ தலைமை ஏற்பார். நேரில் வர இயலாதோர் எழுதியும் அனுப்பலாம். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பின் சுருக்கத்தை யாவரும் கேட்கப் படித்து விளக்குதல் வேண்டும். நாம் சொன்னது அதில் இடம்பெற்றதா என்று செவிசாய்த்துக் கேட்பது நமது கடமை.

எனினும், இவ்விதியின் எல்லையையும் நாம் அறிதல் வேண்டும். கட்டடங்களைப் பொறுத்தவரை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு உள்ளவையே இதனுள் அடங்கும். அவற்றிற்கும் மக்கள் கருத்துக் கேட்பு இல்லை. உதகையிலும் குன்னூரிலும் சரிவை வெட்டி எழுப்பும் வீடுகளும் விடுதிகளும் பெரும்பாலும் இவ்வளவைத் தொடுவதில்லை. ஆனால் மலை சரிவதற்குப் பெருங்கட்டடம் வேண்டுவதில்லை. சரிவின் அடியை வெட்டினால் மேல்மண் பிடிப்பிழக்கிறது. ஓடையை மூடினால் மழைநீர் மண்ணுள் இறங்கி அதனைக் கனக்கச் செய்கிறது. 2009 நவம்பர் மழையில் இம்மாவட்டத்தில் நேர்ந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 பிப்ரவரியில் உதகையை அடுத்த லவ்டேலில், கட்டுமானப் பணியின்போது நேர்ந்த இடிபாட்டில் கூலிக்கு வந்த பெண்கள் அறுவர் உயிரிழந்தனர்.

இக்குறையை நிரப்புவன மாநில விதிகளே. மலைப்பகுதி மரங்களைக் காக்கும் 1955-ஆம் ஆண்டுச் சட்டம், 1990-இல் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமம், 1993-ஆம் ஆண்டின் மலைநகரக் கட்டட விதிகள் ஆகியவை அவை. பெரிய திட்டத்தை டெல்லியும் சென்னையும் ஆராயும். நம் தெருவின் மேல்சரிவில் இயந்திரம் மண் வெட்டுவதை முதலில் காண்பவர் நாமே.

ஆகவே ஊராட்சி உறுப்பினர்களும், தேயிலைத் தோட்டத் தொழிலாளரும், காய்கறி பயிரிடுவோரும் ஊரின் ஓடைகளையும், முன்பு மண் சரிந்த இடங்களையும் குறித்து வைத்தல் நலம். புதிதாக மண் வெட்டக் கண்டால், அனுமதி உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்கலாம். கிராம சபையில் தீர்மானமும் இயற்றலாம். அபிவிருத்தி வேண்டாம் என்பதன்று இதன் பொருள். சாலையும் மின்சாரமும் யாருக்காக வருகின்றனவோ, அவர்கள் அடுத்த மழைக்காலத்திலும் தம் வீட்டில் அச்சமின்றி உறங்க வேண்டும் என்பதே.