ஊருக்கு விளம்பரம் செய்து கடனாளியான ‘பளபள மாமா’!

ஜப்பானின் பெப்பு ரயில் நிலையத்துக்கு வெளியே, இரு கைகளையும் தூக்கி ஒற்றைக்காலில் துள்ளும் வழுக்கைத்தலை மனிதரின் சிலை. அவர் மேலங்கியைப் பிடித்தபடி ஒரு குட்டிப் பூதம் வேறு தொங்குகிறது! நம்மூர்த் தலைவர் சிலைகளின் விறைப்பு துளியும் இல்லை.

அவர் அபுராயா குமஹாச்சி. வழுக்கைத் தலைக்காகப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் ‘பளபள மாமா’. 1863-ல் பிறந்தவர். ஒசாகாவில் அரிசி ஊக வணிகத்தில் கொழித்து, பிறகு மொத்தத்தையும் இழந்தார். அமெரிக்கா போய்த் திரும்பி, வெந்நீர் ஊற்றுகளின் ஊரான பெப்புவில் 1911-ல் சின்னதாக ஒரு விடுதி திறந்தார்.

வேறொருவராக இருந்தால் விடுதிக்கு விளம்பரம் தேடியிருப்பார். குமஹாச்சியோ ஊருக்குத் தேடினார். ‘மலைன்னா ஃபுஜி, கடல்னா செட்டோ, வெந்நீர்னா பெப்பு’ என்று எழுதி, ஃபுஜி மலையிலேயே நட்டுவைத்தார். என்ன துணிச்சல்!

அங்கே கொதிக்கும் ஊற்றுகளுக்கு ‘நரகம்’ என்றே பெயர். சிலையில் பூதம் தொங்கும் காரணம் புரிகிறதா? 1928-ல் அந்த நரகங்களைச் சுற்றிக்காட்டப் பேருந்து விட்டு, பெண்களை வழிகாட்டிகளாக அமர்த்தினார். ஜப்பானுக்கே அது புதுசு.

எல்லாம் சொந்தக் காசு. 1935-ல் அவர் மறைந்தபோது கடன்தான் மிச்சம், ஹோட்டலும் கைமாறியது. 2007-ல் ஊர் அவருக்குச் சிலை வைத்தது. பக்கத்திலேயே வெந்நீர்த் தொட்டி. ரயிலிலிருந்து இறங்குபவர்கள் முதலில் அதில்தான் கை நனைக்கிறார்கள்.