முகவரி மாறினால் உறைந்துவிடும் ஓய்வூதியம்

பிரிட்டனில் உழைத்துவிட்டுச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ முதுமையைக் கழிப்போரும், பிள்ளைகளோடு வாழ லண்டனிலிருந்து டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்தோரும் அண்மையில் எழுதியுள்ள கடிதங்களில் பெரும்பாலானவை 2026 ஏப்ரல் 6 என்ற ஒரே தேதியைப் பற்றியே கேட்கின்றன. வெளிநாட்டில் இருந்தபடியே 'கிளாஸ் 2' என்னும் குறைந்த கட்டணத்தில் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பைத் தாமாகச் செலுத்தி ஓய்வூதியக் கணக்கில் ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளும் வழி, அன்று தொடங்கும் ஆண்டிலிருந்து அடைபடுகிறது. எஞ்சுவது 'கிளாஸ் 3' மட்டுமே. 2025-26ஆம் ஆண்டின் கட்டணப்படி முன்னதற்கு வாரம் 3.50 பவுண்டு, அதாவது ஆண்டுக்கு 182 பவுண்டு. பின்னதற்கு வாரம் 17.75 பவுண்டு, ஆண்டுக்கு 923 பவுண்டு. புதிதாக விண்ணப்பிப்போர் பிரிட்டனில் மூன்றாண்டுகள் வாழ்ந்திருந்தால் போதும் என்றிருந்த நிபந்தனையும் பத்தாண்டுகளாக உயர்கிறது.

கட்டணத்தைப் பற்றிய இந்தப் பதற்றத்தில், கட்டிய பணம் ஓய்வூதியமாகத் திரும்பும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதைக் கேட்போர் மிகச் சிலரே. பிரிட்டனின் அரசு ஓய்வூதியம், விலைவாசி உயர்வு, சராசரி ஊதிய உயர்வு, 2.5 விழுக்காடு ஆகிய மூன்றில் எது மிகுதியோ அந்த அளவுக்கு ஆண்டுதோறும் ஏப்ரலில் உயர்த்தப்படுகிறது. இதற்கு 'மும்மைப் பூட்டு' என்று பெயர். இந்த உயர்வு இந்தியா, இலங்கை, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நாடுகளில் வாழ்வோருக்குக் கிடையாது. ஓய்வூதியம் பெறத் தொடங்கிய நாள், நாட்டைவிட்டு நீங்கிய நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அன்றைய தொகையே இறுதிவரை நிலைத்துவிடுவதால் இதை 'உறைந்த ஓய்வூதியம்' என்கின்றனர். 2000ஆம் ஆண்டில் வாரம் 67.50 பவுண்டு முழு அடிப்படை ஓய்வூதியத்துடன் யாழ்ப்பாணம் திரும்பிய ஒருவர் இன்றும் அதே 67.50 பவுண்டைப் பெறுகிறார். அவரோடு வேலை செய்து, அவர் கட்டிய அளவே பங்களிப்புக் கட்டி, லண்டனிலேயே தங்கிவிட்டவருக்கு 2025-26இல் வாரம் 176.45 பவுண்டு கிடைத்தது. ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர் இவ்வாறு உறைந்த தொகையில் காலந்தள்ளுகின்றனர்.

சட்டக் கடப்பாடு உள்ள நாடுகளில் மட்டுமே உயர்வு வழங்கப்படுகிறது என்பது அரசு தரும் விளக்கம். கேட்பதற்கு நடுநிலையாகத் தோன்றும் இவ்விளக்கம், அந்தக் கடப்பாட்டை ஏற்பதா மறுப்பதா என்பதும் அதே அரசின் கையில்தான் உள்ளது என்பதைச் சொல்லாமல் விடுகிறது. அமெரிக்காவில் வாழ்வோருக்கு உயர்வு உண்டு, எல்லைக்கு அப்பாலுள்ள கனடாவில் இல்லை. ஜமைக்காவில் உண்டு, டிரினிடாடில் இல்லை. பிலிப்பைன்ஸில் உண்டு, இந்தியாவில் இல்லை. உயர்வுக்கு இடமளிக்கும் உடன்பாட்டைக் கனடா பலமுறை கேட்டும் பிரிட்டன் இசையவில்லை. ஆஸ்திரேலியா இதே மனக்குறையால் 2001இல் தன் சமூகப் பாதுகாப்பு உடன்பாட்டையே முறித்துக்கொண்டது. உறைதல் என்பது பழைய சட்டமொன்றில் எவரும் கவனிக்காமல் விட்ட ஓட்டையும் அன்று; அவ்வாண்டின் உயர்வு இன்னாருக்குப் பொருந்தாது என்ற ஒழுங்குவிதி ஒவ்வோர் ஆண்டும் புதிதாக இயற்றப்படுகிறது. உறைந்த தொகை பெறுபவர் சில வாரங்களுக்கு லண்டன் வந்து தங்கினால் அந்த வாரங்களுக்கு மட்டும் முழு உயர்வையும் கேட்டுப் பெறலாம் என்பதும், ஊர் திரும்பியதும் தொகை பழைய நிலைக்கே இறங்கிவிடும் என்பதும், தடையாக இருப்பது நிர்வாகச் சிக்கல் அன்று என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் தொடுத்த வழக்கில், 2005இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவையும் 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வும் (11-க்கு 6 என்ற பெரும்பான்மையில்) அரசின் நிலைப்பாட்டையே ஏற்றன. தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு தனியார் ஓய்வூதியச் சேமிப்பைப் போன்றதன்று, அது பல நலத்திட்டங்களுக்கும் பொதுவாகச் செல்லும் நிதி, ஆகவே அதைக் கட்டியதனாலேயே உயர்வுக்கு உரிமை பிறந்துவிடாது என்பது அத்தீர்ப்பின் மையக் கருத்து. சட்டப்படி இது சரியாகவே இருக்கலாம். ஆனால் 'காப்பீடு', 'பங்களிப்பு' என்ற சொற்களை நம்பி நாற்பதாண்டுகள் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்த மருத்துவரும் செவிலியரும் அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. அவர்களுள் பலர் பிரிட்டனின் மருத்துவமனைகளில் ஆள் போதாத காலத்தில் தெற்காசியாவிலிருந்து சென்றவர்கள் என்பதை எண்ணும்போது, இது நியாயமற்றது என்றே சொல்ல வேண்டியுள்ளது.

இனி, பணம் கட்டுவதா வேண்டாமா என்னும் கேள்வி. மேலே சொன்ன பழைய அடிப்படை ஓய்வூதியத்துக்குப் பதிலாக இப்போது நடைமுறையில் உள்ள 'புதிய ஓய்வூதியத்தை' முழுமையாகப் பெற 35 ஆண்டுகளும், ஏதேனும் ஒரு தொகை பெறுவதற்குக் குறைந்தது 10 ஆண்டுகளும் தேவை. 2025-26இன் முழுத் தொகையான வாரம் 230.25 பவுண்டில் ஓராண்டுப் பங்களிப்பின் பங்கு ஏறத்தாழ 6.58 பவுண்டு, ஆண்டுக்கு 342 பவுண்டு. எனவே கிளாஸ் 3 கட்டணமான 923 பவுண்டும் ஓய்வூதியம் தொடங்கிய மூன்றாண்டுகளுக்குள் திரும்பிவிடும். உறைதல் ஓய்வூதியம் தொடங்கிய பிறகே வருவதால், கோயம்புத்தூரில் வாழும் ஐம்பது வயதுக்காரருக்கு அவர் ஓய்வூதியம் பெறத் தொடங்கும் ஆண்டின் விகிதமே கணக்கில் கொள்ளப்படும். ஆகவே கட்டுவது பெரும்பாலோருக்கு இலாபமே. ஆனால் லண்டனில் வாழ்பவருக்கு எண்பது வயதில் கிடைக்கக்கூடிய தொகையை மனத்தில் வைத்துத் தம் எண்பதாம் வயதுக்குத் திட்டமிடுவது பெரும்பிழை.

வெளிநாட்டில் வாழ்வோர் கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு.

வரி: இந்திய-பிரிட்டன் இரட்டை வரி விலக்கு ஒப்பந்தத்தில் 'அரசு ஓய்வூதியம்' என்பது அரசுப் பணி செய்தோர் பெறுவதையே குறிக்கும், தேசியக் காப்பீட்டு ஓய்வூதியம் அதில் அடங்காது, வாழும் நாட்டிலேயே வரிக்கு உட்படும்.

மருத்துவம்: பிரிட்டனின் இலவசச் சிகிச்சை அங்கு வசிப்போருக்கே உரியது, நிரந்தரமாக வெளியேறினால் முடிந்துவிடும், ஐரோப்பிய நாடுகளில் மருத்துவச் சிகிச்சைக்குச் செல்லுபடியாகும் எஸ்1 படிவம் இந்தியாவிலும் இலங்கையிலும் செல்லாது.

வாழ்நாள் சான்றிதழ்: உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்த அஞ்சலில் வரும் படிவத்தைச் சாட்சிக் கையொப்பத்துடன் 16 வாரங்களுக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும்.

2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வணிக ஒப்பந்தத்துடன் பேசி முடிக்கப்பட்ட இரட்டைப் பங்களிப்பு உடன்பாடு, குறுகிய காலப் பணிக்கு அனுப்பப்படும் ஊழியர்கள் இரு நாடுகளிலும் பங்களிப்புக் கட்டுவதைத் தவிர்ப்பது பற்றியது மட்டுமே. ஓய்வூதிய உயர்வுக்கு அதில் இடமில்லை.